இரண்டு தீவுகளுக்குத் துணி வைக்கவில்லை

2024 பொங்கல் கழிந்த மறுவாரம், பழைய துணிக்குப் பாத்திரம் கொடுக்கிற அம்மா எங்கள் தெருவுக்கு வந்தார். வழக்கமாக நாலைந்து வீட்டில்தான் கூப்பிடுவார்கள். அன்றைக்குத் தெருவே மூட்டையோடு நின்றது. முந்தைய மாதம் 17, 18 தேதிகளில் பெய்த மழையை இந்தப் பக்கத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். தூத்துக்குடிக்குள் வந்த தண்ணீருக்குத் திரும்பிப் போக வழி தெரியவில்லை. எங்கள் வீட்டில் முழங்காலுக்கு மேல் ஆறு நாள் நின்றது. கட்டிலுக்கு அடியில் அம்மாவின் டிரங்குப் பெட்டி ஆறு நாளும் அதற்குள்ளேதான் கிடந்தது.

பெட்டியில் பதினொரு நூல் சேலை, அப்பாவின் இரண்டு சாரம் (லுங்கி), ஒரு வெள்ளைச் சட்டை. பாத்திரக்கார அம்மா ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "எல்லாம் இத்துப்போச்சு டீச்சர். கறை வேற. வேணும்னா ஒரு டீ வடிகட்டி தாரேன்."

அவரைக் குறை சொல்ல முடியாது, அவர் பிழைப்பு அது. நான் மூட்டையை உள்ளே தூக்கி வந்துவிட்டேன். அந்தச் சேலைகள் இப்போது என் கட்டிலில் ஒரே விரிப்பாகக் கிடக்கின்றன. தைத்து முடிக்கப் பதினான்கு மாதம் ஆனது. அந்தப் பதினான்கு மாதத்தில் எனக்கு உறைத்த ஒன்றைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். குற்றச்சாட்டு முதலில் என் மேல்தான்.

நான் தையல் டீச்சர். பெண்கள் பள்ளி ஒன்றில் 34 வருடம் வேலை பார்த்து 2022இல் ஓய்வு பெற்றேன். ஆறாம் வகுப்புக்கு ஓடுதையல், ஏழாம் வகுப்புக்குச் சங்கிலித் தையல், எட்டாம் வகுப்புக்கு லேசி டெய்சி. கைக்குட்டை மூலையில் ஐந்து இதழ் பூ, பச்சைக் காம்பு, இரண்டு இலை. அது என்ன பூ என்று கேட்டிருந்தால் எனக்கே பதில் தெரியாது. வகுப்பு ஜன்னலுக்கு வெளியே உடை மரம் குடை விரித்த மாதிரி நிற்கும். அதற்கு அப்பால் உப்பளம். கோடையில் உப்பு கட்டுவதற்கு முன்னால் பாத்தித் தண்ணீர் இளஞ்சிவப்பாக மாறும். சில வருடம் பூநாரைகள் வந்து இறங்கும். என்னிடம் படித்த பிள்ளைகளில் பாதிப் பேருக்கு அம்மாவோ அப்பாவோ அந்தப் பாத்திகளில்தான் வேலை. ஒருத்தியிடமாவது "நீ பார்க்கிறதைத் தைளா" என்று நான் சொன்னதில்லை. பாடத்தில் பூ இருந்தது, பூவுக்கு மார்க் போட்டேன்.

இத்தனைக்கும் தையலை நான் கற்றது பள்ளியில் அல்ல. அப்பா தோணியில் தண்டல், அதாவது தோணிக்குத் தலைவர். கொழும்புக்குச் சரக்கு ஏற்றிப் போய் ராணி சோப்போடு திரும்பி வருவார். தோணிகளில் பாய் இருந்த காலம் அது. கரையில் இருக்கும் நாட்களில் காடாத் துணியைத் தரையில் விரித்துப் போட்டு, உள்ளங்கையில் தோல் பட்டை கட்டிக்கொண்டு, கோணி ஊசி மாதிரி பெரிய ஊசியால் தைப்பார். நூலைத் தேன்மெழுகில் இழுத்து இழுத்து எடுப்பார். "ஏட்டி, ஒரு தையல் விட்டாலும் காத்து அங்கதான் கைய வைக்கும்" என்பார். அம்மா அதே தரையில் இன்னொரு மூலையில் உட்கார்ந்து பழைய சேலைகளை நாலாக மடித்து நூலோட்டிக் கொண்டிருப்பார். இந்த வெக்கை ஊரில் போர்வை எதற்கு என்று கேட்கலாம். போர்த்துவதற்கு அல்ல, படுக்கிற பாயின் மேல் விரிக்க, பிள்ளை பெற்றவளுக்கும் பிள்ளைக்கும் அடியில் போட. மார்கழியில் கடலுக்குப் போகிறவர்கள் சுருட்டி எடுத்துப் போவார்கள், நடுக்கடல் குளிருக்கு அதுதான் துணை. எங்கள் வீட்டில் அதற்குத் தனிப் பெயர்கூடக் கிடையாது. சேலை விரிப்பு, அவ்வளவுதான்.

நூலுக்கும் அம்மா காசு கொடுக்க மாட்டார், சேலைக் கரையிலிருந்தே உருவிக்கொள்வார். கோரல் நூல் மில் தொழிலாளர்கள் வ.உ.சி. தலைமையில் 1908இல் ஒன்பது நாள் வேலைநிறுத்தம் செய்து கூலியை உயர்த்திக் காட்டிய ஊர் இது. இங்கே நூல் சும்மா வரவில்லை என்பது எங்கள் ஆச்சிமாருக்கும் தெரியும்.

என் விரிப்புக்கு வருகிறேன். முதல் மாதம் முழுக்கத் துவைத்தேன். சேறு போனது, கறை போகவில்லை. நாலு சேலைகளை அடுக்கிப் பார்த்தபோது வெள்ளம் நின்ற மட்டம் பழுப்புக் கோடாக நாலிலும் ஓடுவது தெரிந்தது. மறைத்துத் தைக்கத்தான் நினைத்தேன். பிறகு அந்தக் கோட்டின் ஓரமாகவே ஓடுதையல் போட்டேன். அது தாமிரபரணி ஆகிவிட்டது, கீழ்மூலையில் புன்னைக்காயலில் கடலில் சேர்கிறது. சாயம் போன செங்கல் நிறச் சேலை தேரி மணல். வெளுத்த ரோஸ் சேலை உப்பளம். அம்மாவின் சுங்குடியில் புள்ளிகள் இருந்ததால் அதைக் கடலில் மீன்கூட்டமாகப் போட்டேன். அப்பாவின் கட்டம் போட்ட சாரத்தை மட்டும் என்ன செய்வதென்று தெரியாமல் இரண்டு மாதம் வைத்திருந்தேன். கடைசியில் அது பழைய துறைமுகத்துத் தோணியின் பாய் ஆனது. எந்தத் தோணியிலும் கட்டம் போட்ட பாய் இருந்ததில்லை என்பது எனக்குத் தெரியும்.

தூத்துக்குடியிலிருந்து ராமேஸ்வரம் வரை மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள். 1986இல் தேசியப் பூங்காவாக அறிவித்தபோது எண்ணிய எண் அது. அதில் விலாங்குசல்லியும் பூவரசன்பட்டியும் தண்ணீருக்குள் போய்விட்டன. சுண்ணாம்புக்காகவும் கட்டடத்துக்காகவும் சுற்றியிருந்த பவளப்பாறைகளை வருடக்கணக்கில் வெட்டி எடுத்தோம், அலையைத் தடுக்க ஆள் இல்லாமல் போயிற்று. பத்தொன்பது தீவுகளுக்குத் துணி வெட்டி வைத்தேன். மூழ்கிய இரண்டுக்கும் துணி வைக்கவில்லை, நூலால் ஓரம் மட்டும் வரைந்தேன். தூத்துக்குடிக்கு மிக அருகிலுள்ள வான் தீவுக்கு வெட்டிய துண்டை மூன்று தரம் சின்னதாக்க வேண்டியிருந்தது. மண் கரையாமல் இருக்க அதன் அருகே செயற்கைப் பவளத்திட்டுகளை இறக்கியிருக்கிறார்கள். அதனால் அந்தத் துண்டுக்கு மட்டும் இரட்டைத் தையல்.

எங்கள் ஊருக்கு முத்து நகர் என்று பெயர். ரயிலுக்கும் அதே பெயர். கடைசியாக இங்கே முத்துக்குளிப்பு நடந்தது 1961இல், நான் பிறப்பதற்கு முந்தைய வருடம். ஆகவே என் விரிப்பில் முத்து இல்லை. அப்பாவின் வெள்ளைச் சட்டையிலிருந்து ஆறு பொத்தான்களை எடுத்து, கடலில் முத்துச்சிப்பிப் பார் இருக்கும் இடத்தில் தைத்தேன். ஒன்று பேத்தி இழுத்து விழுந்துவிட்டது, தேடிக் கிடைக்கவில்லை.

இந்த விரிப்பைப் பார்த்த ஒருவர் ஒரு பயிற்சி வகுப்புக்கு என்னை அழைத்துப் போனார். பெண்களுக்கு வருமானம் வர வேண்டும் என்ற நல்ல எண்ணம்தான். அங்கே புதுத் துணியை அளவாக வெட்டி, போனில் பார்த்த மாதிரிப்படி மெஷினில் ஓட்டி, மேலே பிளாஸ்டிக் முத்து ஒட்டி, 'முத்து நகர் குயில்ட்' என்று பெயர் வைக்கிறார்கள். என்னை அதையே சொல்லித்தரச் சொன்னார்கள். லேசி டெய்சி ஞாபகம் வந்தது. மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். வீட்டில் யாருமே தைக்காத ஒன்றை விற்பனைக்கு மட்டும் தைத்தால் அதில் ஊர் வராது, ஊரின் பெயர்தான் வரும்.

வங்காளத்தில் இதே பழைய சேலை வேலைதான் காந்தா. அதில் படம் தைக்கும் நக்ஷி காந்தாவுக்கு 2008இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பிகாரின் சுஜனிக்கு 2006இலேயே கிடைத்துவிட்டது. காந்தாவும் நம் கந்தையும் வடமொழியின் ஒரே வேர்ச்சொல்லில் பிறந்தவை. அங்கே அது கண்காட்சிக்குப் போனது, இங்கே வசவானது. ஆனாலும் நான் குறியீடு கேட்கவில்லை. அமெரிக்காவின் அலபாமாவில் ஜீஸ் பெண்ட் என்ற சிற்றூரில் மிசூரி பெட்வே என்ற கறுப்பினப் பெண், கணவர் இறந்தபின் அவருடைய வேலைத் துணிகளைக் கிழித்து 1942இல் ஒரு விரிப்பு தைத்தார். இன்று அது வாஷிங்டன் தேசியக் கலைக்கூடத்தில் இருக்கிறது. அதைத் தைக்கும்போது அவர் மனதில் கலைக்கூடம் இருந்திருக்காது. அவர் போர்த்திக்கொள்ளத்தான் தைத்தார்.

நான் கேட்பது பள்ளியில் வாரம் ஒரு வகுப்பு. 2012இல் தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளுக்கு 16,549 பகுதிநேர ஆசிரியர்களை மாதம் 5,000 ரூபாய்க்கு எடுத்தார்கள். ஓவியம், உடற்கல்வி இவற்றோடு தையலும் அதில் இருந்தது. பகுதிநேரம் என்றால் எந்த நேரமும் பறிக்கக்கூடிய நேரம். தேர்வு நெருங்கினால் கணக்கு டீச்சர் முதலில் கேட்பது தையல் பீரியடைத்தான். 34 வருடமும் நான் முகம் கோணாமல் கொடுத்தேன். நான் ஓய்வு பெற்ற இடத்துக்கு வேறு ஆள் வரவில்லை. ஒரு பிள்ளையும் அதைக் கேட்கவில்லை என்றால், கேட்கும்படி நான் எதையும் சொல்லித்தரவில்லை என்றுதான் அர்த்தம்.

மறுபடி தொடங்குவதானால் கைக்குட்டை வேண்டாம், பூவும் வேண்டாம். ஆண் பிள்ளைகளையும் உட்கார வையுங்கள். இந்தக் கரையில் பாய் தைத்ததும் வலை பின்னியதும் ஆண்கள்தான். ஆளுக்கு வீட்டிலிருந்து ஒரு பழைய துணி, அது யாருடையது என்று சொல்ல ஒரு நிமிடம், அன்று வரும் வழியில் பார்த்த ஏதாவது ஒன்று. மெஷின் வேண்டாம், நிதி ஒதுக்கீடும் வேண்டாம்.

அதுவரை வீட்டில் இருக்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். பாத்திரக்கார அம்மா மாதா மாதம் வருவார், அவரைத் திருப்பி அனுப்ப வேண்டாம். கொடுக்கும் முன் மூட்டையிலிருந்து நூல் சேலையாக மூன்று நாலு எடுத்து வையுங்கள். நைலக்ஸ், பாலியெஸ்டர் எல்லாம் அவருக்கே போகட்டும், ஊசிக்கு நழுவும். நாலு மடிப்புக்கு மேல் போக வேண்டாம், கை வலிக்கும். ஏழாம் நம்பர் ஊசி போதும்.