கொத்தனார் பெயரில் பத்திரம் எழுதுவீர்களா?

"சார், நம்ம வெப்சைட் ஓப்பன் ஆகலை..."

இந்த வரியை ஒரு முறையாவது கேட்காத சங்கமோ, டிரஸ்டோ, பள்ளிக்கூடமோ இருந்தால் அதிசயம்தான். அதற்குப் பிறகு நடக்கும் கூத்தும் எல்லா ஊரிலும் ஒன்றுதான். செயலாளர் தலைவருக்குப் போன் போடுவார். தலைவர் பொருளாளருக்குப் போடுவார். பொருளாளர், "அந்த வெப்சைட் பண்ணின பையன் நம்பர் யார்கிட்ட இருக்கு?" என்பார். பையன் படிப்பை முடித்து பெங்களூருக்கோ துபாய்க்கோ போய் இரண்டு வருடம் ஆகியிருக்கும். பாஸ்வேர்ட் பையனிடம். ஓடிபி போகும் நம்பர் பையனின் பழைய நம்பர். அதுவும் இப்போது உபயோகத்தில் இல்லை!

உடனே எல்லோரும் சொல்வது, "ஏதோ டெக்னிக்கல் பிராப்ளம்."

இல்லை நண்பர்களே. இது டெக்னிக்கல் பிராப்ளம் இல்லை. சங்கத்தின் சொத்தை இன்னொருவர் பெயரில் எழுதிவைத்துவிட்டு அதை மறந்துபோன பிராப்ளம். இதைச் சொன்னால் பலருக்குக் கோபம் வரும். பரவாயில்லை, சொல்லித்தான் ஆக வேண்டும்.

முதலில் ஒரு வெப்சைட்டில் என்னென்ன இருக்கிறது என்று பார்ப்போம். மூன்று விஷயங்கள். ஒன்று, பெயர். இதை ரெஜிஸ்ட்ரார் எனப்படும் நிறுவனத்திடம் வருடக் கட்டணம் கட்டிப் பதிவு செய்கிறோம். இது பத்திரம் மாதிரி. இரண்டாவது, டிஎன்எஸ். கம்ப்யூட்டர்கள் ஒன்றையொன்று எண்ணை வைத்துத்தான் கண்டுபிடிக்கின்றன. பெயரைக் கொடுத்தால் எண்ணைத் தேடித் தருவது டிஎன்எஸ். 1983-ல் பால் மொக்கபெட்ரிஸ் வடிவமைத்த இந்த ஏற்பாடுதான் இன்றும் உலகம் முழுக்க ஓடுகிறது. இது வீட்டுக்கு வழி காட்டும் போர்டு மாதிரி. மூன்றாவது, ஹோஸ்டிங். பக்கங்களும் படங்களும் இருக்கும் இடம். இதுதான் வீடு.

பத்திரம், போர்டு, வீடு. மூன்றும் மூன்று வெவ்வேறு நிறுவனங்களிடம் இருக்கலாம். மூன்று பில், மூன்று பாஸ்வேர்ட். நம் ஆட்கள் மூன்றையும் சேர்த்து "வெப்சைட்" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறார்கள். குழப்பத்தின் விதையே அங்கேதான்.

தளம் திறக்கவில்லை என்றால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, இந்த மூன்றில் எது போச்சு என்பது. அதைக் கேட்காமல் ஆளாளுக்கு ஒரு வைத்தியம் சொல்வார்கள். பிரவுசர் ஹிஸ்டரியை அழி, மோடத்தை ஆஃப் பண்ணி ஆன் பண்ணு, வேறு போனில் பார்... வைத்தியம் தப்பில்லை, நோய் தெரியாமல் செய்வதுதான் தப்பு.

பத்திரத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும். ஐகான் அமைப்பின் தேடல் பக்கத்தில் டொமைன் பெயரைத் தட்டினால், காலாவதித் தேதியும் அதன் நிலையும் யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கலாம். நிலை என்ற இடத்தில் "ஹோல்ட்" என்று இருந்தால் பெயரையே டிஎன்எஸ்ஸிலிருந்து எடுத்துவிட்டார்கள் என்று அர்த்தம். பணம் கட்டாமல் இருக்கலாம். அல்லது, புதிதாகப் பதிந்தபோதோ விவரங்களை மாற்றியபோதோ வந்த இமெயிலை உறுதிசெய்யாமல் இருக்கலாம். டாட் காம், டாட் ஆர்க் போன்ற பெயர்களுக்கு அதற்குக் கெடு 15 நாள்தான். அந்த இமெயில் யாருக்குப் போயிருக்கும்? துபாயில் இருக்கும் பையனுக்கு!

பத்திரம் சரி என்றால் அடுத்து போர்டு. இங்கே அடிக்கடி நடக்கும் தமாஷ் ஒன்று உண்டு. டொமைனின் நேம்சர்வர் ஒரு நிறுவனத்தைக் காட்டிக்கொண்டிருக்கும். நம் ஆள் வேறொரு நிறுவனத்தின் பக்கத்தில் உட்கார்ந்து விடிய விடிய டிஎன்எஸ் பதிவுகளை மாற்றிக்கொண்டிருப்பார். யாருமே வராத தெருவில் போர்டு நட்டால் யார் பார்ப்பார்கள்?

இன்னொன்று, தளத்தைப் புதிய சர்வருக்கு மாற்றியிருப்பார்கள். ஆபீஸ் கம்ப்யூட்டரில் புதிய தளம் வரும். ஆனால் உறுப்பினர்களின் மொபைலில் பழைய தளமே வரும். பேய் பிடித்த மாதிரி இருக்கும். விஷயம் சின்னது. ஐபிவி4 எண்ணுக்கான 'ஏ' பதிவை மாற்றியவர், ஐபிவி6 எண்ணுக்கான 'நான்கு ஏ' பதிவை மாற்ற மறந்திருப்பார். ஜியோ போன்ற மொபைல் நெட்வொர்க்குகளில் ஐபிவி6 பரவலாக ஓடுகிறது. அதனால் அந்தப் போன்கள் பழைய எண்ணுக்கே போகும்.

அதைவிட மோசம், நேம்சர்வரை மாற்றும்போது எம்எக்ஸ் பதிவுகளைக் கொண்டுபோக மறப்பது. தளம் ஜோராகத் திறக்கும். எல்லோரும் கைதட்டுவார்கள். சங்கத்துக்கு வர வேண்டிய இமெயில் மட்டும் வராது. சில நாள் கழித்து யாராவது, "மெயில் அனுப்பினேனே, பதிலே இல்லையே?" என்று கேட்கும்போதுதான் தெரியும்.

சரி, அந்தப் பிரபலமான 48 மணி நேரக் கதைக்கு வருவோம். எந்தக் கோளாறைச் சொன்னாலும், "48 மணி நேரம் வெயிட் பண்ணுங்க, தானா சரியாகும்" என்று ஒரு பதில் வரும். இந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது? டாட் காம் பெயர்களின் நேம்சர்வர் விவரத்தை மற்ற சர்வர்கள் 1,72,800 நொடி வரை நினைவில் வைத்திருக்கலாம். அதாவது 48 மணி நேரம். நேம்சர்வரை மாற்றினால் இது பொருந்தும். ஒரு சாதாரண 'ஏ' பதிவை மாற்றினால் எவ்வளவு நேரம் ஆகும் என்பது நாமே எழுதிவைத்த டிடிஎல் எண்ணைப் பொறுத்தது. 3600 என்று இருந்தால் ஒரு மணி நேரம். முந்தைய நாளே அதை 300 ஆகக் குறைத்துவைத்தால் ஐந்து நிமிடம்! தப்பாக எழுதிய பதிவோ 48 மணி நேரத்துக்குப் பிறகும் தப்புதான், 48 நாளுக்குப் பிறகும் தப்புதான். காத்திருப்பதற்குப் பெயர் ரிப்பேர் இல்லை.

ஆக, கோளாறுகளைக் கண்டுபிடிப்பது மலையைப் புரட்டும் வேலை இல்லை. நிதானமாகப் பார்த்தால் ஒரு மதியத்தில் முடியும். ஆனால் கண்டுபிடித்த பிறகு சரிசெய்ய லாகின் வேண்டுமே? அங்கேதான் எல்லாச் சங்கங்களும் முட்டிக்கொண்டு நிற்கின்றன.

காமர்ஸ் படிக்கும் நண்பர்கள் இதை யோசிக்க வேண்டும். ஒரு சங்கம் நாற்காலி வாங்கினால் அதன் முதுகில் பெயின்ட் அடித்து நம்பர் போட்டு ஸ்டாக் ரெஜிஸ்டரில் ஏற்றுகிறது. வருடா வருடம் தேய்மானம் கணக்குப் போடுகிறது. டொமைன்? எந்த ரெஜிஸ்டரிலும் கிடையாது. "இன்டர்நெட் செலவு" என்ற தலைப்பில் ஒரு பில், அவ்வளவுதான். வருடம் ஆயிரம் ரூபாய் சொச்சம்தானே என்ற அலட்சியம். நாற்காலி தொலைந்தால் நாற்காலி மட்டும்தான் போகும். டொமைன் தொலைந்தால் சங்கத்தின் பெயரே போகும்.

எப்படி? டாட் காம் பெயர் காலாவதியானால், ரெஜிஸ்ட்ராரைப் பொறுத்து அதிகபட்சம் 45 நாள் வரை அவகாசம் கிடைக்கலாம். அதற்குள்ளேயே ஏலம் விடுகிறவர்களும் உண்டு. பெயர் நீக்கப்பட்டால் 30 நாள் மீட்புக் காலம், அதற்குக் கூடுதல் கட்டணம். பிறகு 5 நாள். அப்புறம் அந்தப் பெயரை யார் வேண்டுமானாலும் வாங்கலாம். வாங்கியவர் அங்கே சூதாட்ட விளம்பரம் போடலாம். அசல் தளம் மாதிரியே ஒன்று செய்து நன்கொடை கேட்கலாம். சங்கத்தின் இமெயில் முகவரிக்கு வரும் கடிதங்களைப் படிக்கலாம். அந்த முகவரியில் திறந்த மற்றக் கணக்குகளுக்கு, "பாஸ்வேர்ட் மறந்துவிட்டது" என்று சொல்லி உள்ளே நுழையப் பார்க்கலாம். நோட்டீசிலும் ரசீதிலும் அச்சடித்த முகவரி, நாளைக்கு யாரோ ஒருவருடையது!

பெரிய இடங்களே இதில் சறுக்கியிருக்கின்றன. 1999 டிசம்பரில் மைக்ரோசாஃப்ட் தனது பாஸ்போர்ட் டாட் காம் பெயருக்கு 35 டாலர் கட்டணம் கட்டத் தவறியதால் ஹாட்மெயில் பயனாளர்கள் பலர் உள்ளே நுழைய முடியாமல் தவித்தார்கள். சம்பந்தமே இல்லாத ஒரு புரோகிராமர் தன் கிரெடிட் கார்டில் அந்தப் பணத்தைக் கட்டினார். 2010 நவம்பரில் அமெரிக்காவின் டல்லாஸ் கவ்பாய்ஸ் கால்பந்து அணி தன் டொமைனைப் புதுப்பிக்க மறந்து தளத்தையே இழந்து நின்றது. பணமா இல்லை அவர்களிடம்? "இது என் வேலை" என்று சொல்ல ஆள் இல்லை, அதுதான் காரணம்.

பெயரின் மதிப்பு தெரிந்தவர்களும் இருக்கிறார்கள். 2025-ல் இந்திய ரிசர்வ் வங்கி, வங்கிகள் எல்லாம் 'டாட் பேங்க் டாட் இன்' என்று முடியும் பெயருக்கு அக்டோபர் 31-க்குள் மாற வேண்டும் என்று உத்தரவிட்டது. மக்கள் ஏமாறாமல் இருக்க பெயரே ஒரு பாதுகாப்பு என்பதால்தான் அப்படி.

"பையன் ரொம்ப நல்ல பையன், இலவசமா பண்ணிக் கொடுத்தான், அவனைச் சந்தேகப்படலாமா?" என்று கேட்பவர்கள் உண்டு. யாரும் சந்தேகப்படவில்லை. வீடு கட்டிய கொத்தனாரும் நல்லவர்தான். அதற்காக அவர் பெயரிலா பத்திரம் எழுதுகிறோம்? பொருளாளர் மாறினால் தீர்மானம் போட்டு வங்கியில் கையெழுத்தை மாற்றுகிறோம். பழைய பொருளாளர் திருடன் என்பதாலா? உண்மையில் இந்த ஏற்பாட்டில் அதிகம் கஷ்டப்படுவது அந்தப் பையன்தான். சம்பளம் இல்லாமல் வேலை செய்தவனுக்கு, ஊரை விட்டுப் போன பிறகும் ராத்திரி பதினோரு மணிக்குப் போன் வருகிறது.

"எங்களுக்குக் கம்ப்யூட்டர் தெரியாதே" என்பது அடுத்த சமாதானம். பத்திரத்தைப் பீரோவில் வைக்க சிவில் இன்ஜினியரிங் தெரிய வேண்டுமா என்ன?

செய்ய வேண்டியது கொஞ்சம்தான். டொமைன் சங்கத்தின் பெயரில் பதிவாகியிருக்க வேண்டும். கணக்கின் இமெயில் தனி ஆளுடையதாக இல்லாமல் சங்கத்துக்கென்று இருக்க வேண்டும். அதுவும் அதே டொமைனில் இருக்கும் முகவரியாக இருக்கக் கூடாது, டொமைன் போனால் அதுவும் சேர்ந்து போய்விடும். லாகின் விவரம் குறைந்தது இரண்டு நிர்வாகிகளிடம் இருக்க வேண்டும். ரெஜிஸ்ட்ரார் யார், டிஎன்எஸ் எங்கே, ஹோஸ்டிங் எங்கே, எது எப்போது காலாவதி ஆகிறது என்று ஒரு பக்கம் எழுதி மினிட்ஸ் புத்தகத்தில் ஒட்ட வேண்டும். நிர்வாகிகள் மாறும்போது சாவிக்கொத்தோடு சேர்த்து இதையும் ஒப்படைக்க வேண்டும். அவ்வளவுதான்.

உங்கள் கல்லூரி மன்றத்திலோ ஊர்ச் சங்கத்திலோ செயலாளரைப் பார்த்தால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். "நம்ம டொமைன் யார் பேர்ல இருக்கு, என்னைக்கு எக்ஸ்பயரி?" உடனே பதில் வந்தால் அவருக்கு ஒரு மாலை போடுங்கள். வரவில்லையா? கோளாறு ஏற்கெனவே ஆரம்பித்துவிட்டது. தளம் இன்னும் திறந்துகொண்டிருப்பதால் யாருக்கும் தெரியவில்லை!