புகைபோக்கியைப் பார்க்காதவர்கள்

திருப்பூர்ப் பணம் மலையேறிப் பல வருஷங்களாகிவிட்டன. பனியனில் சம்பாதித்தவர் ஊட்டியிலோ குன்னூரிலோ கோத்தகிரியிலோ ஒரு பழைய பங்களாவை வாங்குகிறார். வாங்கிய கையோடு அதைப் 'புதுப்பிக்க'த் தொடங்குகிறார். முன்ஹாலில் ஒரு கணப்பு இருக்கிறது. வெள்ளைக்காரன் காலத்து மெருகு டைல் பதித்தது. கரும்பச்சை, பழுப்பு, ஓரத்தில் ஒரு பூக்கொடி. இரண்டு டைல்களில் விரிசல். மேல்விளிம்பில் புகைக்கறை. சொந்தக்காரரும் அவர் அமர்த்திய அலங்கார நிபுணரும் அதைப் பார்த்து முகம் சுளிக்கிறார்கள். ஒரு வாரத்தில் பழைய டைலின் மேலேயே புது டைல் ஏறிவிடுகிறது. மோர்பியிலிருந்து வந்த, சலவைக்கல் போல அச்சிட்ட, பெரிய பளபளப்புப் பலகைகள். அதற்கு மேலே டெலிவிஷன். உள்ளே விறகு இருந்த இடத்தில் தீயைப் போல ஆடிக்காட்டும் மின்விளக்கு. புகைபோக்கி என்ன ஆயிற்று என்று ஒருவரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை.

இந்த நிமிர்ந்து பாராமையைப் பற்றித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. பணக்காரன் வீட்டுக் கணப்பு எக்கேடு கெட்டால் கவிதை படிக்கிறவனுக்கு என்ன என்று கேட்கலாம். கணப்பின் கதி முக்கியமில்லைதான். ஆனால் அதைப் புதுப்பிக்கிறவர் 'நவீனம்' என்ற சொல்லைப் பிரயோகிக்கிறார். அந்தச் சொல்லை நாமும் பிரயோகிக்கிறோம். ஆகவே இது நம் வீட்டு விவகாரமும்தான்.

கணப்பு என்பது முதலில் ஒரு ஆபரணம் அல்ல, யந்திரம். அசையும் பாகமில்லாத, காற்றால் ஓடும் யந்திரம். அடியில் தீ, அதற்கு மேல் குறுகிய தொண்டை, தொண்டைக்கு மேல் கூரையைத் தாண்டி நிற்கும் குழாய். சூடேறிய காற்று லேசாகி மேலே போகிறது. போகும்போது அறையின் காற்றை இழுத்துக்கொண்டு போகிறது. அந்த இழுப்பில்தான் புகையும் வெளியேறுகிறது. முகப்பில் பதித்த டைல் இந்த வேலையில் பெரிய பங்கு எதையும் வகிக்கவில்லை. கரியைத் துடைத்தெடுக்கச் சௌகரியம், கொஞ்சம் சூட்டைப் பிடித்து வைக்கும், பார்வைக்கு அழகு. அவ்வளவே. அதாவது நம்மவர் மாற்றுவது இந்த யந்திரத்தின் மிகச் சோம்பேறியான பாகத்தை.

இந்த யந்திரம் மலைக்கு வந்த வழியும் நினைவில் வைத்துக்கொள்ளத் தக்கது. கோயம்புத்தூர்க் கலெக்டர் ஜான் ஸல்லிவன் 1819இல் நீலகிரிக்குப் போனார். கோத்தகிரிப் பக்கம் ஒரு பங்களா. பிறகு 1822-23இல் ஊட்டியில் கல்வீடு. இன்றைய திருப்பூர் அன்று அவருடைய ஜில்லாவுக்குள் இருந்த கிராமம். 2009 வரை அந்தப் பிராந்தியத்தில் பெரும்பகுதி கோவை மாவட்டமாகவே இருந்தது. கலெக்டருக்குப் பின்னால் போன துரைமார்கள் தங்கள் ஊர்க் குளிரையும் தங்கள் ஊர்க் கணப்பையும் அங்கே மறுபடி கட்டிக்கொண்டார்கள். கணப்புக்கு விறகு வேண்டும். சோலைக் காடுகள் வெட்டுப்பட்டன. சோலை தேய்ந்ததும் விறகுக்கென்று வாட்டிலும் யூகலிப்டஸும் நட்டார்கள். அவை புல்வெளிகளைத் தின்றன. ஒரு வரவேற்பறையின் கதகதப்புக்கு ஒரு மலையின் முகமே மாறியிருக்கிறது. இந்தச் சரித்திரம் அந்தப் பூக்கொடி டைலுக்குப் பின்னால் இருக்கிறது. ஆகவே 'பாரம்பரியம்' என்று கண்ணீர் விட்டு அதைக் கட்டிக்கொள்ளவும் எனக்குச் சம்மதமில்லை.

கணப்பை உண்மையில் நவீனமாக்கிய ஒருவர் உண்டு. அமெரிக்காவில் பிறந்து ஐரோப்பாவில் பேர் வாங்கிய பெஞ்சமின் தாம்ப்ஸன் என்ற ரம்ஃபோர்ட் பிரபு. 1790களில் லண்டன் கணப்புகள் அறையில் புகையைக் கக்கின. சூட்டை ஆகாயத்துக்கு அனுப்பின. ரம்ஃபோர்ட் முகப்புக்கு வர்ணம் அடிக்கவில்லை. குழியின் ஆழத்தைக் குறைத்தார். பக்கச் சுவர்களைச் சாய்த்து வைத்து வெப்பம் அறைக்குள் திரும்பும்படி செய்தார். தொண்டையைச் சுமார் நாலு அங்குலத்துக்குக் குறுக்கினார். புகை மேலே போயிற்று, சூடு உள்ளே நின்றது. 1796இல் இதை எழுதி வெளியிட்டார். கொத்தனாருக்குச் சில செங்கற்களும் கொஞ்சம் சாந்தும், சிந்திப்பவனுக்கு ஒரு கேள்வியும்தான் செலவு. இந்தச் சாமான் என்ன வேலை செய்கிறது, அதை ஏன் சரியாகச் செய்யவில்லை என்ற கேள்வி. நவீனம் என்று நான் அறிந்தது இந்தக் கேள்வியைத்தான்.

பழமைப் பித்தர்களுக்கும் ஒரு வார்த்தை. ஜேன் ஆஸ்டினின் 'நார்த்தாங்கர் அபி' நாவலில் கதாநாயகி பழைய மடத்துக்குப் போகிறாள். இருண்ட, பிரும்மாண்டமான, செதுக்குவேலை மிகுந்த கணப்பை எதிர்பார்க்கிறாள். அங்கே இருப்பது ரம்ஃபோர்ட் முறையில் திருத்திக் கட்டிய ஒரு சின்னக் கணப்பு. ஏமாந்து போகிறாள். ஆசிரியை சிரிப்பது கணப்பைப் பார்த்து அல்ல, அவளைப் பார்த்து. பழைய வீட்டில் வாழ்கிறவனுக்குக் குளிர் விட வேண்டும். பார்க்க வருகிறவனுக்கு மர்மம் வேண்டும். நம் பத்திரிகைகளின் வாரப் பக்கங்களில் 'பாட்டி வீட்டு அடுப்பங்கரை' என்று உருகுகிறவர்கள் எல்லாம் பார்க்க வருகிறவர்கள்தாம். பாட்டியின் இருமல் அந்தப் பக்கங்களில் கேட்பதில்லை.

இனி நம் திருப்பூர்க்காரருக்கு வருவோம். இவருக்குத் தீயைப் பற்றி ஒன்றும் தெரியாது என்று நினைத்தால் அது தவறு. இவருடைய சாயப்பட்டறையில் விறகு எரிக்கும் பாய்லர் இருக்கிறது. அதன் உட்சுவரில் ஃபயர் பிரிக்ஸ் வைத்து ஃபயர்கிளே பூசியிருக்கிறார். குழாய்களில் கரி படிந்தால் நீராவி குறையும், விறகுச் செலவு ஏறும் என்று அவருக்கு மனப்பாடம். புகை இழுக்காவிட்டால் விசிறியைச் சோதிக்கச் சொல்வார், சிம்னியை அண்ணாந்து பார்ப்பார். பாய்லரின் முகப்பில் பளபளப்பு டைல் ஒட்டித் தருகிறேன் என்று எவனாவது வந்தால் கேட்டுக்கு வெளியே அனுப்பிவிடுவார். அதே மனிதர் மலைவீட்டில் அண்ணாந்து பார்ப்பதில்லை. காரணம் அறியாமை இல்லை. பாய்லரில் தப்புச் செய்தால் நஷ்டம் உண்டு, சட்டமும் உண்டு. கொதிகலன்களுக்கு 1923லேயே சட்டம் வந்துவிட்டது, இன்ஸ்பெக்டர் வருவார். வீட்டுத் தீக்கு இன்ஸ்பெக்டர் இல்லை. கட்டாயம் இருக்கும் இடத்தில் மட்டும் நம் அறிவு வேலை செய்கிறது. அதற்கு வெளியே நாம் ஜோடனைக்காரர்கள்.

இது தனிமனிதரின் குணம் மட்டுமல்ல, ஊரின் குணம். சாயநீர் நொய்யலில் போன வருஷங்களை எடுத்துக்கொள்ளுங்கள். துணியின் நிறம் ஐரோப்பியக் கடைக்காரர் கேட்ட நிறமா என்று வெளிச்சப் பெட்டியில் வைத்துப் பார்த்த கண்கள், அந்த நிறம் தோய்த்த தண்ணீர் எங்கே போகிறது என்று பார்க்கவில்லை. பாசனத்துக்கென்று 1992இல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவின் தொட்டியாயிற்று. கீழே இருந்த விவசாயிகள் கத்தினார்கள், வழக்குப் போட்டார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகுதான் ஊர் முழுவதும் ஒருசேரக் கழிவுக் குழாயின் மறுமுனையைப் பார்த்தது. புகைபோக்கியைப் பார்க்காததும் வாய்க்காலைப் பார்க்காததும் ஒரே மனோபாவம். முகப்பு நம்முடையது, வெளியேறும் வழி வேறு யாருடையதோ என்ற மனோபாவம்.

வெளியேறும் வழி வேறு யாருடையதும் அல்ல. மலையில் குளிருக்குக் கரி அடுப்பை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கியவர்கள் காலையில் எழுந்திருக்கவில்லை என்ற செய்திகளைப் படித்திருக்கிறோம். கரி எரிகையில் வரும் கார்பன் மோனாக்ஸைடுக்கு மணமில்லை, நிறமில்லை. பக்கத்துச் சுவரிலேயே டைல் ஒட்டி அடைத்த கணப்பு ஒன்று அலங்காரமாக நிற்க, நடுவீட்டில் கரிச்சட்டியை வைப்பது எவ்வளவு குரூரமான கேலி! வேலை செய்த யந்திரத்தைச் சித்திரமாக்கிவிட்டு, யந்திரமில்லாத தீயோடு படுத்துக்கொள்கிறோம்.

மலையை விட்டு இறங்கினால் இதே கதைக்கு இன்னொரு முகம். திருப்பூரில் கணப்பு கிடையாது, அடுப்பு உண்டு. பழைய கொங்கு வீட்டு அடுப்பங்கரையில் புகை ஓட்டுக்கூரையின் சந்து வழியே தானாகப் போய்க்கொள்ள வேண்டும். போகாத புகை பெண்களின் கண்ணிலும் நெஞ்சிலும் தங்கியது. இதைத் திருத்த முயன்றவர்கள் உண்டு. ஹைதராபாத்தின் பொறியாளர் எஸ்.பி. ராஜு 1950களிலேயே குழாய் வைத்த புகையில்லா அடுப்பைப் பற்றி எழுதினார். 1980களில் மத்திய சர்க்கார் அதைத் தேசிய திட்டமாக்கியது. எத்தனை அடுப்பு கட்டினோம் என்ற கணக்கு வளர்ந்தது. குழாயில் கரி அடைத்த பிறகு யார் சுத்தம் செய்வது என்ற கேள்வி வளரவில்லை. பல வீடுகளில் குழாய் செத்தது, பழைய அடுப்பு பிழைத்தது. அங்கேயும் முகப்புத்தான் புதிதாயிற்று. பின்னால் எரிவாயு வந்தது நல்லதே. ஆனால் இன்று பனியன் கம்பெனித் தொழிலாளி குடியிருக்கும் லைன் வீட்டைப் பாருங்கள். படுக்கிற அறையின் மூலைதான் சமையல்கட்டு. ஜன்னல் இருந்தால் அடுத்த வீட்டுச் சுவரைப் பார்த்திருக்கும். வாடகையை ஏற்ற வேண்டுமென்றால் வீட்டுக்காரர் தரையில் டைல் போடுகிறார். காற்றுக்கு ஒரு துளை போடுவதில்லை.

ஆக, மேலே பணக்காரனின் பொய்த் தீ. கீழே தொழிலாளியின் போக்கிடமில்லாத காற்று. இரண்டுக்கும் மேல் ஒரே பளபளப்பு டைல்.

எழுத்தில் நாம் செய்வது வேறா? யாப்பை உடைத்து வரியை மடக்கி எழுதிவிட்டால் கவிதை நவீனமாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். உள்ளே அதே பழைய நெக்குருகல், அதே பழைய உபதேசம், வெளியேற வழியில்லாமல் மூட்டமாய் நிற்கிறது. படிக்கிறவனுக்குக் கண் எரிகிறது. அதை அவன் உணர்ச்சி என்று நினைத்துக்கொள்கிறான். விமரிசகனின் வேலை முகப்பைப் புகழ்வது அல்ல, தொண்டைக்குள் கையை விட்டுப் பார்ப்பது.

எதிர்மறையாகவே பேசுகிறவன் என்ற பேர் வேண்டாம். செய்ய வேண்டியதையும் சொல்கிறேன். பழைய கணப்பு உள்ள வீட்டை வாங்கினால் முதலில் குழாயைச் சுத்தம் செய்யுங்கள். குருவிக்கூடும் சருகும் கரியும் கீழே விழட்டும். ஒரு காகிதத்தைக் கொளுத்திப் பிடியுங்கள். புகை மேலே போகிறதா, முகத்துக்கு வருகிறதா என்று தெரியும். தீ மூட்டுவதாக இருந்தால் உட்குழியை ஃபயர் பிரிக்ஸ் வைத்துத் திருத்துங்கள், குழாயின் வெடிப்பை அடையுங்கள். தீ வேண்டாம் என்றால் மேல்முனையில் மழை விழாமல், காற்று மட்டும் போகும்படி மூடி, கீழேயும் ஒரு காற்றுத்துளை விடுங்கள். இல்லாவிட்டால் குழாய் வியர்த்துச் சுவர் ஓதம் காக்கும். உடைந்த டைலை மாற்றுங்கள், உடையாததைத் துடையுங்கள். பிடிக்கவே இல்லையென்றால் பெயர்த்து எறிந்துவிட்டுப் புதிதாகப் பதியுங்கள், அதுவும் நேர்மைதான். ஒன்றின் மேல் ஒன்றை ஒட்டாதீர்கள். மெருகின் மேல் மெருகுக்குப் பிடிப்பு குறைவு. நிஜத்தீ மூட்டினால் சூட்டில் விரிந்து சுருங்கிப் பெயர்ந்து விழும். பொய்த் தீ என்றால் பெயராது, பொய்யோடு பொய்யாக நிலைக்கும்.

மிச்சமாகும் பணத்தைக் கொண்டு லைன் வீட்டுச் சமையல் மூலை ஒவ்வொன்றிலும் கூரையோரம் ஒரு திறப்பும் ஒரு சின்ன விசிறியும் வைக்கலாம். நிபுணர் தேவையில்லை, ஒரு கொத்தனாரும் ஒரு எலெக்ட்ரீஷியனும் போதும். யாரும் போட்டோ எடுக்க வரமாட்டார்கள். ஆனால் திருப்பூரில் உருப்படியாகப் புதுப்பிக்கப்பட்ட வீடு என்று ஒன்றைக் காட்டச் சொன்னால் நான் அதைத்தான் காட்டுவேன்.