கைமணத்துக்கு என்ன விலை?

மணப்பாறை என்றால் முறுக்கு, கோவில்பட்டி என்றால் கடலை மிட்டாய், ஸ்ரீவில்லிபுத்தூர் என்றால் பால்கோவா, உடன்குடி என்றால் கருப்பட்டி. ஊரின் பெயரைச் சொன்னதுமே நாக்கில் ருசி வந்துவிடும். நான்குமே புவிசார் குறியீடு பெற்றவை. பால்கோவாவுக்கு 2019-லும், கடலை மிட்டாய்க்கு 2020-லும், முறுக்குக்கும் கருப்பட்டிக்கும் 2023-லும் அந்த அங்கீகாரம் கிடைத்தது.

செய்தி வந்த அன்று ஊரே பெருமைப்படும். ஆனால், அடுத்த நாளும் அடுப்பு முன்னால் உட்காரும் பெண்ணுக்கு அதனால் கூலி ஏறியதா?

புவிசார் குறியீட்டின் வேலை பெயரைக் காப்பது. வேறு ஊரில் செய்த பண்டத்தை இந்த ஊர்ப் பெயரில் விற்றால் சட்டப்படி தடுக்கலாம். அந்தப் பாதுகாப்பு 10 ஆண்டுகளுக்கு; பிறகு புதுப்பிக்க வேண்டும். உற்பத்தி செய்பவரும் 'அங்கீகரிக்கப்பட்ட பயனாளர்' என்று தனியாகப் பதிவு செய்துகொள்ள வேண்டும். நாடு முழுவதற்குமான பதிவு அலுவலகம் இருப்பதே சென்னையில்தான். இதெல்லாம் நல்லதே. ஆனால், பெயரைக் காப்பாற்றும் சட்டம் பாக்கெட்டை விற்றுத் தராது. அதற்குத் திருவிழா வேண்டும், பயிற்சி வேண்டும், சந்தை வேண்டும்.

ஒரு கிலோ முறுக்கின் கணக்கு

வீட்டில் முறுக்கு சுற்றி விற்கும் ஒரு பெண்ணின் கணக்கை உதாரணத்துக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு கிலோவுக்கு மாவு, எண்ணெய், வெண்ணெய், எள் எல்லாம் சேர்த்து 190 ரூபாய். கேஸ் 25 ரூபாய். கவரும் லேபிளும் 15 ரூபாய். பஸ் செலவு 20 ரூபாய். மொத்தம் 250 ரூபாய். விற்பது 280 ரூபாய்க்கு. கையில் நிற்பது 30 ரூபாய்.

நாள் முழுக்க உட்கார்ந்து 5 கிலோ சுற்றினால் 150 ரூபாய். 2025-26-ல் தமிழ்நாட்டில் 100 நாள் வேலைக்கு நிர்ணயித்த தினக்கூலி 336 ரூபாய். அதில் பாதிகூட இல்லை!

இதே முறுக்கைக் கடையில் கொடுத்து, கடைக்காரர் 20 சதவிகிதம் கமிஷன் எடுத்தால் அந்தப் பெண்ணுக்குக் கிடைப்பது 224 ரூபாய். கிலோவுக்கு 26 ரூபாய் நஷ்டம். "வீட்டு வேலைதானே, சும்மா இருக்கிற நேரத்தில் செய்கிறேன்" என்று பல பெண்கள் தங்கள் உழைப்பைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை. அதனால் நஷ்டம் கண்ணுக்குத் தெரிவதில்லை. இரண்டு வருடம் கழித்து, 'உடம்பு முடியவில்லை' என்று அடுப்பை அணைத்துவிடுகிறார்கள்.

அடுப்போடு ஒரு கைப்பழக்கமும் அணைந்துவிடுகிறது. கல்யாணச் சீருக்கு ஏழு சுற்று, ஒன்பது சுற்று முறுக்கை அச்சு இல்லாமல் விரலாலேயே முறுக்கிச் சுற்றுவது ஒரே நாளில் வரும் வித்தை இல்லை. கூலி கட்டாத வேலையை மகளோ மருமகளோ எதற்காகக் கற்றுக்கொள்ள வேண்டும்?

திருவிழா தருவது முதல் அறிமுகம்

தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் 1989-ல் தர்மபுரி மாவட்டத்தில் தொடங்கின. இன்று மாவட்டம்தோறும் பொடி, ஊறுகாய், அப்பளம், சிறுதானியப் பலகாரம் செய்யும் குழுக்கள் இருக்கின்றன. 2024 டிசம்பரில் சென்னை மெரினாவில் மகளிர் குழுக்களின் உணவுத் திருவிழா நடந்தது. கரூர் தோல் ரொட்டி, நாமக்கல் பள்ளிபாளையம் சிக்கன் என்று ஊர் ஊராகப் பேர் பெற்ற உணவுகளைக் கடற்கரையிலேயே ருசிக்க முடிந்தது.

இப்படி ஒரு திருவிழாவில் நடுவில் ஆள் இல்லை. கமிஷன் இல்லை. வாங்குபவர் முகத்தைப் பார்த்து விற்கலாம். "காரம் கொஞ்சம் குறைச்சுப் போடுங்கக்கா", "கால் கிலோ பாக்கெட் இருக்கா?" என்று அவர் கேட்பதுதான் பண்டத்தைத் திருத்தும் பாடம்.

ஆனால், திருவிழா சில நாள்களில் முடிந்துவிடும். பாக்கெட்டில் போன் நம்பர் இல்லை என்றால், ருசித்தவர் மறுபடி வாங்க நினைத்தாலும் வழி கிடையாது. முதல் முறை வாங்க வைப்பது திருவிழாவின் வேலை. இரண்டாம் முறை வாங்க வைப்பது பயிற்சியின் வேலை.

பயிற்சியில் கற்பது சமையல் இல்லை

"எங்க பாட்டி காலத்திலிருந்து செய்யறோம், எங்களுக்கு என்ன பயிற்சி?" என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயம்தான். கைப்பக்குவத்தை யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. ஆனால், வீட்டில் செய்யும் முறுக்கு நான்கு நாளில் தீர்ந்துவிடும். விற்கும் முறுக்கு ஒரு மாதம் தாங்க வேண்டும்.

சூடு ஆறுவதற்குள் பாக்கெட்டில் போட்டால் உள்ளே ஆவி வேர்த்து முறுக்கு நமுத்துப்போகும். காற்றும் வெளிச்சமும் பட்டால் எண்ணெய் கெட்டு சிக்கு வாடை வரும். காய்ச்சிய எண்ணெயையே திரும்பத் திரும்பக் காய்ச்சினால் அந்த வாடை இன்னும் சீக்கிரம் வரும். ஈரக் கரண்டி பட்ட ஊறுகாய் பூஞ்சை பிடிக்கும். இவற்றைத் தடுக்கும் வழிகளையும் சரியான கவரைத் தேர்ந்தெடுப்பதையும் பயிற்சியில் கற்கலாம்.

அடுத்தது லேபிள். பண்டத்தின் பெயர், சேர்த்த பொருள்கள், எடை, விலை, தயாரித்த தேதி, எதுவரை சாப்பிடலாம் என்ற தேதி, முகவரி, உணவுப் பாதுகாப்புத் துறையின் 14 இலக்க எண், சைவம் என்றால் பச்சைக் குறி. கடலை மிட்டாய் போன்றவற்றில் நிலக்கடலை இருப்பதையும் ஒவ்வாமை உள்ளவர்களுக்காகக் குறிப்பிட வேண்டும்.

மூன்றாவது, விலை வைப்பது. மேலே பார்த்த முறுக்குக் கணக்கில் கூலியை முதலிலேயே சேர்த்து 350 ரூபாய் என்று விலை வைத்தால், 5 கிலோவுக்கு 500 ரூபாய் நிற்கும். "350-க்கு யார் வாங்குவார்கள்?" என்ற பயம் இயல்பு. நமுக்காத முறுக்கும் ஒழுங்கான லேபிளும் இருந்தால் வாங்குவார்கள்.

தஞ்சாவூரில் உள்ள தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனம், வேளாண் அறிவியல் நிலையங்கள் போன்றவை உணவுப் பதப்படுத்தலில் பயிற்சி அளிக்கின்றன. வங்கிகள் நடத்தும் ஊரக சுய வேலைவாய்ப்புப் பயிற்சி நிலையங்களில் பயிற்சியும் சாப்பாடும் இலவசம். உணவுப் பதப்படுத்தும் குறுந்தொழில்களுக்காக மத்திய அரசு 2020-ல் கொண்டுவந்த திட்டத்தில், 35 சதவிகிதம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் வரை மானியம் அறிவிக்கப்பட்டது. இப்போது உங்கள் மாவட்டத்தில் எந்தத் திட்டம் நடப்பில் இருக்கிறது என்பதை மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டுக்கொள்ளலாம்.

சந்தைதான் சோறு போடும்

திருவிழா வருடத்துக்கு ஒருமுறை. வீட்டு வாடகை மாதா மாதம். அதனால் தவறாமல் நடக்கும் சந்தை வேண்டும். 1999-ல் மதுரையில் தொடங்கிய உழவர் சந்தை நிலைத்து நின்றதற்கு முக்கியக் காரணம், இடைத்தரகர் இல்லாததும் தினமும் ஒரே இடத்தில் நடந்ததும்தான். அந்தப் பாடம் கைப்பலகாரத்துக்கும் பொருந்தும்.

மகளிர் குழுப் பொருள்களுக்கு இப்போது 'மதி' அங்காடிகளும் கல்லூரிச் சந்தைகளும் இருக்கின்றன. ரயில்வே 2022-ல் தொடங்கிய 'ஒரு நிலையம் ஒரு பொருள்' கடைகளும் உள்ளூர்ப் பண்டங்களுக்கு இடம் தருகின்றன. இவற்றோடு பெரிய அடுக்குமாடிக் குடியிருப்புகளிலும் கோயில் வாசல்களிலும் வாரம் ஒருநாள் இரண்டு மேஜை போட இடம் கொடுத்தாலே போதும், பத்து வீடுகளில் அடுப்பு அணையாது.

வாங்குபவர் செய்யக்கூடியது

* 'கைமுறுக்கு' என்று அச்சடித்ததெல்லாம் கையால் சுற்றியது இல்லை. சுற்றுகள் அச்சில் வார்த்ததுபோல ஒரே மாதிரி இருந்தால், "யார் சுற்றியது?" என்று விசாரியுங்கள்.
* கருப்பட்டி, சர்க்கரையைவிட மலிவாகக் கிடைத்தால் உஷாராகுங்கள். பதநீர் இறக்க ஆள் பனை ஏற வேண்டும், மணிக்கணக்கில் காய்ச்ச வேண்டும். அது மலிவாக வர வழியில்லை.
* லேபிளில் தேதியையும் 14 இலக்க எண்ணையும் பாருங்கள். இல்லையென்றால், "அடுத்த முறை போட்டு வைங்கக்கா" என்று சொல்லுங்கள்.
* தீபாவளி, கல்யாண ஆர்டரை மூன்று வாரம் முன்பே கொடுத்து, பாதிப் பணத்தை முன்பணமாகத் தாருங்கள். மாவும் எண்ணெயும் வாங்க வட்டிக்குக் கடன் வாங்கும் நிலை அவர்களுக்குத் தவிர்க்கப்படும்.
* பேரம் பேசும்முன் அந்த 30 ரூபாயை நினைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் குறைக்கச் சொல்லும் 20 ரூபாய் மாவிலிருந்தோ எண்ணெயிலிருந்தோ போவதில்லை. சுற்றிய கையின் கூலியிலிருந்துதான் போகிறது.