ஒண்ணு பெரிசா? ரெண்டு சிறிசா?



இன்றைக்கு நம்ம ஊரில் போன் இல்லாத வீடு குறைவு. காதுகுத்து, கல்யாணம், கோயில் திருவிழா, ஆதார், மார்க் ஷீட் எல்லாமே போனுக்குள்ளேதான் இருக்கு. இடம் நிறைஞ்சு போச்சுன்னா எல்லாரும் கேட்கிறது ஒரே கேள்விதான். “எத்தனை ஜிபி வாங்கலாம்?” என் கருத்து என்னவென்றால், முதலில் கேட்க வேண்டியது அது இல்லை. “எத்தனை இடத்தில் வைக்கலாம்?” என்றுதான் கேட்க வேண்டும்.

சரி, அளவையும் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு போட்டோ 4 எம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். 10,000 போட்டோவுக்கு 40 ஜிபிதான் ஆகும். இடத்தை விழுங்குவது வீடியோதான். நிமிடத்துக்கு 100 எம்பி என்றால் 10 மணி நேர வீடியோ 60 ஜிபி. இரண்டும் சேர்ந்து 100 ஜிபி. இனி வரப்போகிற வருடங்களுக்கும் சேர்த்து மூன்று மடங்கு வைத்தால்கூட 300 ஜிபி. அப்படியென்றால் ஒரு வீட்டுக்கு 500 ஜிபி ஹார்டு டிஸ்க்கே தாராளம். கையில் இருக்கிற காசை எல்லாம் ஒரே பெரிய டிஸ்க்கில் போடுவதை விட, கணக்குப் பார்த்து சின்னதாக ரெண்டு வாங்குவதே புத்திசாலித்தனம்.

இன்னொரு விஷயம். 1 டிபி டிஸ்க் வாங்கி கம்ப்யூட்டரில் போட்டால் 931 ஜிபி என்றுதான் காட்டும். உடனே கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள்! கம்பெனிக்காரர்கள் 1,000 கணக்கில் எண்ணுகிறார்கள், விண்டோஸ் 1,024 கணக்கில் எண்ணுகிறது. அது ஏமாற்று இல்லை. ஆனால் நம்ப முடியாத மலிவு விலைக்கு 2 டிபி பென்டிரைவ் என்று விற்கிறார்களே, அதில் நிறைய ஏமாற்று இருக்கிறது. மேலே 2 டிபி என்று எழுதியிருக்கும், கம்ப்யூட்டரும் அப்படியே காட்டும். உள்ளே இருப்பதோ கொஞ்சம் இடம்தான். அது நிறைந்த பிறகு போடுகிற படம் எதுவும் திறக்காது.

பெரிசாக இருந்தால் பத்திரம் என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு உண்மைச் சம்பவம். 2025 செப்டம்பர் 26 அன்று தென்கொரியாவில் தேஜான் நகரத்தில் அரசாங்கக் கணினி மையத்தில் பேட்டரி தீப்பிடித்தது. அரசு ஊழியர்கள் தங்கள் கோப்புகளைச் சேமித்து வைத்திருந்த ‘ஜி-டிரைவ்’ முழுவதும் எரிந்து போச்சு. அதன் அளவு 858 டிபி! அளவு ரொம்பப் பெரியது என்பதாலேயே அதற்கு வெளியே நகல் எடுத்து வைக்கவில்லையாம். 858 டிபியே போகும்போது நம்ம வீட்டு டிஸ்க் எம்மாத்திரம்?

இதற்கு நேர்மாறாக ஒன்று 1998-இல் அமெரிக்காவில் நடந்தது. ‘டாய் ஸ்டோரி 2’ கார்ட்டூன் படம் தயாராகிக்கொண்டிருந்தபோது, தவறான ஒரு கட்டளையால் படத்தின் கோப்புகள் மளமளவென்று அழிந்தன. பிக்ஸார் கம்பெனி எடுத்து வைத்திருந்த பேக்கப்பும் கை கொடுக்கவில்லை. கைக்குழந்தையோடு வீட்டிலிருந்து வேலை பார்த்த கேலின் சஸ்மன் என்ற பெண்ணின் வீட்டுக் கம்ப்யூட்டரில் இருந்த நகல்தான் படத்தைக் காப்பாற்றியது. இதில் இரண்டு பாடம் இருக்கு. நகல் வேறொரு இடத்தில் இருக்க வேண்டும். எடுத்து வைத்த நகலை அப்பப்போ திறந்தும் பார்க்க வேண்டும்.

“அதெல்லாம் எதுக்கு? நெட்டிலேயே இருக்கே” என்று சிலர் சொல்லுவார்கள். நெட்டில் வைப்பது நல்லதுதான், ஆனால் அதை மட்டும் நம்பக் கூடாது. அளவில்லாமல் இலவசமாக இடம் கொடுத்த கூகுள் போட்டோஸ், 2021 ஜூன் 1 முதல் அதை நிறுத்திவிட்டது. அதில் சேமித்த படத்தை போனில் அந்த ஆப்பிலேயே அழித்தால் அங்கேயும் அழிந்துவிடும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும் படம் தெளிவு குறைந்துதான் போய்ச் சேரும்.

“எங்களிடம் டிஸ்க் வாங்கக் காசு இல்லை” என்று சொல்லுகிற வீடும் உண்டு. எங்கள் வீடும் அப்படித்தான். எல்லாவற்றையும் காப்பாற்ற வேண்டாம். போனால் திரும்பி வராததை மட்டும் முதலில் பிரித்து எடுங்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையிலும் கடலூரிலும் சான்றிதழ் இழந்தவர்களுக்கு அரசாங்கம் முகாம் போட்டு வேறு சான்றிதழ் கொடுத்தது. ஆனால் எங்க அப்பத்தா பாடிய நடவுப் பாட்டுக்கு யார் நகல் கொடுப்பார்கள்? அப்பத்தா இப்போ இல்லை. 11 நிமிஷம் பாடியது மட்டும் இருக்கு. அது அம்மா போனிலும், மாமா வீட்டுக் கம்ப்யூட்டரிலும், அத்தை ஊரில் ஒரு பென்டிரைவிலும் இருக்கு. இதற்கு ஆன செலவு பென்டிரைவ் விலை மட்டுமே.

கணினி தெரிந்தவர்கள் இதை 3-2-1 என்று சொல்வார்கள். மொத்தம் 3 பிரதி, 2 வகைப் பொருளில், அதில் 1 வேறு இடத்தில். பென்டிரைவை மட்டும் வருடக்கணக்கில் பீரோவில் போட்டு மறந்துவிடாதீர்கள். சும்மா கிடந்தாலும் அதில் உள்ளது அழிந்து போகலாம்.

தோழிகளுக்குத் தனியாக ஒன்று. பத்திரம் என்றால் தொலையாமல் இருப்பது மட்டும் இல்லை. தப்பான கையில் சிக்காமல் இருப்பதும்தான். டிஸ்க்குக்கு பாஸ்வேர்டு போடுங்கள். பிரவுசிங் சென்டரில் நகல் எடுத்தால் அங்கே இருப்பதை அழித்துவிட்டு, அக்கவுண்டை மூடிவிட்டு வாருங்கள். போனை ரிப்பேருக்குக் கொடுக்கும் முன் படங்களை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டு, போனில் இருப்பதை அழித்துக் கொடுங்கள்.

கடைசியாக நம் பள்ளிக்கு ஒரு வேண்டுகோள். நீங்கள் நின்று படிக்கிற இந்தத் தாளுக்கும் ஒரே பிரதிதான். சாரல் அடித்தால் மை கரைந்துவிடும். ஒவ்வொரு இதழையும், ஆண்டு விழா படங்களையும் பள்ளிக் கம்ப்யூட்டரில் ஏற்றி, இன்னொரு நகலைப் பள்ளிக்கு வெளியே பத்திரமாக வைக்க ஹெச்.எம். ஏற்பாடு செய்ய வேண்டும். ஏற்றுகிற வேலையை நாங்களே செய்கிறோம். ஆயுத பூசைக்கு கம்ப்யூட்டருக்குச் சந்தனம் குங்குமம் வைக்கிறோமே, அன்றைக்கே ஒரு நகலும் எடுத்து, திறந்து பார்த்து வைத்தால் என்ன?

– 9-ஆம் வகுப்பு மாணவி