சாயப்பட்டறைக்காரரின் கடல்

கப்பல் பார்க்க ஆசைப்பட்டால் நாங்கள் பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டிக் கொச்சிக்குத்தான் போகவேண்டும். கொங்குக்காரனுக்குத் தெரிந்ததெல்லாம் பரிசல். அப்படிப்பட்ட எனக்கு டச்சுக்காரர்கள் வரைந்த கப்பல் படங்கள்மேல் ஒரு கிறுக்கு. அதிலும் யான் வான் டெ கப்பெல்லே என்றால் இரவு ஒரு மணிக்கும் போனை வைக்க மனசு வராது.

அவருடைய கடலில் காற்றே இருக்காது. பாய்கள் துவண்டு தொங்கும். முக்கால் பங்கு வானம், மழை வருமா வராதா என்று சொல்லாத சாம்பல் மேகம். லண்டன் நேஷனல் கேலரியில் 1650இல் வரைந்த படம் ஒன்று இருக்கிறது. ஒரு படகிலிருந்து மரியாதைக்கு பீரங்கி வெடிக்கிறார்கள். அந்தச் சத்தத்துக்குக்கூடத் தண்ணீர் அசைந்த மாதிரி தெரியவில்லை.

இவ்வளவு வரைந்தவருக்கு ஓவியம் பிழைப்பில்லை. ஆம்ஸ்டர்டாமில் அப்பா நடத்திய சாயப்பட்டறை 1674இல் இவர் கைக்கு வந்தது. கார்மைன் சிவப்புதான் அங்கே பிரதானம். படம் போடத் தானாகவே கற்றுக்கொண்டார். சொந்தமாக ஓர் உல்லாசப் படகு. ரெம்பிராண்டின் கோட்டோவியங்கள் மட்டும் சுமார் 500 சேர்த்து வைத்திருந்தார். திருப்பூரில் பிறந்திருந்தால் ஊட்டியில் பங்களா வாங்கியிருப்பார்.

கார்மைன் என்பது கள்ளிச்செடியில் ஒட்டி வாழும் கொச்சினில் பூச்சியை நசுக்கி எடுப்பது. அதன் பங்காளிப் பூச்சியை விட்டுத்தான் 1920களில் நம் பக்கத்து வேலியோரச் சப்பாத்திக்கள்ளியை ஒழித்தார்கள்.

சாயப்பட்டறை என்றதும் எனக்கு ஒரத்துப்பாளையம் நினைவுக்கு வந்துவிட்டது. நொய்யலில் பாசனத்துக்கென்று 1992இல் திறந்த அணை. திருப்பூர்ச் சாயக்கழிவு வந்து தேங்கியதில், தண்ணீரைத் திறக்க வேண்டாம் என்று விவசாயிகளே சொல்லும்படி ஆனது. சின்ன வயதில் அப்பிச்சி என்னை அங்கே கூட்டிப்போனார். ஒரு சாயங்காலம். காற்றில்லை. அணை முழுக்கக் கண்ணாடி மாதிரி தண்ணீர், அதில் மேகம் தலைகீழாக. எனக்கு அவ்வளவு அழகாக இருந்தது. கரையோரக் கல்லில் மட்டும் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது.

"எறங்கீராத கண்ணு, கால் அரிக்கும்" என்றார் அப்பிச்சி.

2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் பட்டறைகளை மூடச் சொன்னது. பிறகு, ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடக்கூடாது என்ற நிபந்தனையோடு ஒவ்வொன்றாகத் திறந்தார்கள். ஆம்ஸ்டர்டாம் பட்டறைத் தண்ணீர் எங்கே போயிற்று என்பது கப்பெல்லேயின் படங்களில் இல்லை. அதற்காக அவர்மேல் எனக்குக் கோபமும் இல்லை. விற்ற சிவப்பைத் தன் கடலில் அவர் பூசவில்லை. கொடியில் ஒரு துளி, அவ்வளவுதான்.

போன வாரம் திருப்பூரில் ஒரு டையிங் மாஸ்டரிடம் அந்த 1650 படத்தைக் காட்டினேன். கப்பலை அவர் கண்டுகொள்ளவே இல்லை. விரலால் பெரிதாக்கி, வானத்திலிருந்து தண்ணீருக்கு நகர்த்தி, மறுபடி வானத்துக்குப் போனார்.

"எல்லாமே கிரேங்க. ஒண்ணு மாதிரி ஒண்ணு இல்லீங்க. சிவப்பைக்கூடப் புடிச்சரலாம், கிரே ஷேடு புடிக்கறதுதானுங்க கஷ்டம். லேப் டிப் போட்டுப் போட்டு பையர் திருப்பி அனுப்பிட்டே இருப்பான்" என்றார். பிறகு கேட்டார்: "ஆளு நம்ம தொழிலுங்களா?"