காரின் மூட்டில் நம் ரப்பர்

இந்த முறை ஒரு சின்னச் சாமானைப் பற்றிப் பேசுவோம். பட்டறையில் அதைப் 'புஷ்' என்பார்கள். உங்கள் வீட்டுப் பிள்ளை யாராவது பட்டறையில் தொழில் பழகினால் இந்தப் பக்கத்தை அவனிடம் கொடுங்கள். இதில் உயிருக்கு ஆபத்தான வேலை ஒன்று இருக்கிறது.

இங்கிலாந்தில் ஆபிங்டன் என்ற ஊரில் 1962 முதல் 1980 வரை செய்யப்பட்ட எம்.ஜி.பி. என்னும் ஸ்போர்ட்ஸ் காரைப் பார்ப்போம். முன் சக்கரத்தைத் தாங்கும் கீழ்க்கைகள் குறுக்குச் சட்டத்தோடு சேரும் இடத்தில், பக்கத்துக்கு நான்காக எட்டு ரப்பர் புஷ்கள் உண்டு. இரும்போடு இரும்பு மோதாமல் இடையில் இருந்து அடி வாங்குவதே அவற்றின் வேலை. வருஷக்கணக்கில் சூடும் எஞ்சின் எண்ணெயும் பட்டால் ரப்பர் ஊதி, வெடித்து, உதிரும். பிறகு பிரேக் பிடித்தால் கார் ஒரு பக்கம் இழுக்கும், ஸ்டியரிங் சொன்ன பேச்சுக் கேட்காது, டயரும் ஒரு பக்கமாய்த் தேயும்.

மாற்றும்போது பழைய மாதிரியே போடவேண்டுமா? வேண்டாம். 1973 முதல் 1976 வரை வந்த எம்.ஜி.பி. ஜி.டி. வி8 காரின் புஷ் நடுவில் இரும்புக் குழாயோடு ஒரே துண்டாக இருக்கும். நான்கு போதும், சாதாரண எம்.ஜி.பி.யிலும் பொருந்தும். 'பாலியுரேத்தேன்' என்ற செயற்கைச் சரக்கும் கிடைக்கிறது. அது எண்ணெய்க்கு அசையாது, கெட்டியானது. ஆனால் குழியில் இறங்கினால் அடி நேராகக் கைக்கு வரும். பந்தயத்துக்கு அது சரி. குடும்பத்தோடு போகிற காருக்கு, என்னைக் கேட்டால், ரப்பர்தான்.

பால் வெட்டுகிறவர்களுக்கு இது பெருமையான செய்தி. இயற்கை ரப்பரை இழுத்தால் அதன் நுண்ணிய இழைகள் வரிசையாக நின்று இறுகிக்கொள்ளும். அதனால் கீறல் விழுந்தாலும் சட்டென்று பரவாது. ஓயாமல் முறுக்குப்படும் இடத்தில் இந்தக் குணம்தான் கைகொடுக்கிறது.

இனி அந்த ஆபத்து. கீழ்க்கையின் மேல் பெரிய சுருள் வில் ஒன்று அழுத்தத்தோடு உட்கார்ந்திருக்கிறது. போல்ட்டை அவசரமாகக் கழற்றினால் அது துள்ளி ஆளையே அடித்துவிடும். காரை ஸ்டாண்டில் நிறுத்தி, வில் இருக்கும் தட்டுக்கு அடியில் ஜாக்கி கொடுத்து, மெல்ல மெல்ல இறக்குங்கள். வில் முழுதும் தளரும் வரை எதிரே தலையை நீட்டவேண்டாம்.

புது ரப்பர் புஷ்ஷை உள்ளே தள்ளக் கிரீஸ் பூசாதீர்கள். சவர்க்கார நீர் போதும். நட்டை உடனே இறுக்கவும் கூடாது. சக்கரம் தொங்கும்போது இறுக்கினால், கார் கீழே இறங்கியதும் ரப்பர் முறுகியபடியே நின்று சீக்கிரம் கிழிந்துபோகும். நான்கு சக்கரமும் தரையில் நின்று, காரின் பாரம் முழுதும் அவற்றின்மேல் வந்த பிறகே கடைசி இறுக்கு. பிறகு சக்கர நேர்த்தியையும் ஒருமுறை பார்த்துவிடச் சொல்லுங்கள்.