விடை சொல்லாதே, தோழி!

"விடுகதை போடட்டுமா? விடை சொல்வாயா?" என்று பாட்டி கேட்காத வீடு நம் தமிழ்நாட்டில் உண்டோ? பலாப்பழத்தை அரியாமலேயே அதனுள் எத்தனை சுளைகள் என்று கூற வழி சொல்லும் 'கணக்கதிகாரம்' என்ற பழைய நூல் நம் தமிழில் உண்டு. காம்பைச் சுற்றியுள்ள முட்களை எண்ணி, ஆறால் பெருக்கி, ஐந்தால் வகுக்க வேண்டுமாம்! ஆகவே புதிர்க்கணக்கு மேல்நாட்டார் தந்த பொழுதுபோக்கு அன்று. நம் வீட்டுத் திண்ணையிலும் வளர்ந்தது என்றால் மிகையாகாது.

சென்னீர்குப்பத்திலிருந்தும் பூந்தமல்லிப் பக்கத்திலிருந்தும் வரும் பத்தாம் வகுப்பு மாணவியர் எழுவர் நாங்கள். பகல் உணவு இடைவேளையில் வேப்பமரத்தடியில் அமர்ந்து தினம் ஒரு புதிர் போடுவது எங்கள் வழக்கம். "பொதுத்தேர்வு வருஷத்தில் இது என்ன விளையாட்டு? இதற்கு எத்தனை மார்க்கு?" என்று வீட்டில் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் கூறும் முன் எங்கள் குற்றம் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஒருநாள் இப்படி ஒரு புதிர் வந்தது: ஒரு தெருவில் ஒரே வரிசையில் எட்டு வீடுகள். எண்கள் ஒன்று முதல் எட்டு வரை. ஒரு வீட்டின் இடப்பக்கத்து எண்களைக் கூட்டினாலும், வலப்பக்கத்து எண்களைக் கூட்டினாலும் ஒரே தொகை வருகிறது. அது எந்த வீடு? கெட்டிக்காரிகள் என்று பெயரெடுத்த நாங்கள் சிலர் அரை நிமிடத்தில் "ஆறு!" என்று கூவிவிட்டோம். எங்களுள் ஒருத்தி மட்டும் பேசாமல் டிபன் டப்பாவை மூடிக்கொண்டு எழுந்து போனாள். ஒரு வாரம் அவள் மரத்தடிக்கு வரவே இல்லை. காரணம் கேட்டோம். "நீங்கள் முந்திக்கொண்டு சொல்லிவிட்டால் நான் யோசிக்க என்ன மிச்சம் இருக்கிறது?" என்றாள்.

அந்தச் சொல் எங்களைச் சுட்டது. கணக்கு தனக்கு வராது என்று அவள் பல நாளாகச் சொல்லி வந்தாள். அப்படிச் சொல்ல வைத்ததில் எங்கள் அவசர வாய்க்கும் பங்கு உண்டு என்பது அன்றுதான் விளங்கிற்று. அன்றே ஒரு சட்டம் போட்டோம். விடை கண்டவள் அதைத் தாளில் எழுதி மடித்து வைக்க வேண்டும். மற்றவர்கள் போதும் என்று சொல்லும்வரை வாய் திறக்கலாகாது.

அடுத்து அதே புதிரைப் பெரிதாக்கினோம். ஒன்பது வீடுகளுக்குக் குறையாமல் ஐம்பதுக்கு மிகாமல் உள்ள தெருவில் இதுபோன்ற வீடு உண்டா? நாங்கள் இரண்டொரு எண்களைப் போட்டுப் பார்த்து அலுத்துவிட்டோம். மூன்றாம் நாள் அவள் பழைய நோட்டின் பின்பக்கம் நான்கு பக்கங்களில் கணக்கு எழுதி வந்தாள். எட்டு வீட்டுத் தெருவில் இடப்பக்கம் 15, வலப்பக்கம் 15, நடுவில் 6, மொத்தம் 36. அது ஆறின் வர்க்கம் அல்லவா? எனவே ஒன்று முதல் கூட்டிவரும் மொத்தம் எப்போது ஒரு வர்க்க எண்ணாகிறது என்று புளியங்கொட்டையில் தொடங்கிப் பொறுமையாகத் தேடியிருக்கிறாள். 49 வீடுகளுக்கு மொத்தம் 1225. அது 35இன் வர்க்கம். ஆகவே 35ஆம் வீடு! வேகமான எங்களுக்கு அகப்படாதது நிதானமான அவளுக்கு அகப்பட்டது.

எங்கள் கணக்கு சிஸ்டர் இதைக் கேட்டுச் சிரித்துவிட்டு, இப்புதிரின் சரித்திரத்தைச் சொன்னார்கள். 1914 டிசம்பரில் இங்கிலாந்தின் 'ஸ்ட்ராண்டு' என்னும் பத்திரிகையில் இது வந்ததாம். ஐம்பதுக்கு மேல் ஐந்நூறுக்குள் வீடுகள் என்பது அங்கே நிபந்தனை. கேம்பிரிட்ஜில் படித்துவந்த மகலனோபிஸ் என்ற வங்காள மாணவர், நம் கும்பகோணத்தில் வளர்ந்த இராமானுஜனின் அறைக்குச் சென்று இதைப் படித்துக் காட்டினார். இராமானுஜனோ அடுப்பில் காய்கறி கிளறிக்கொண்டிருந்தார். கரண்டியை வைக்காமலேயே, 288 வீடுகளில் 204ஆம் வீடு என்ற அந்த ஒரு விடையை மட்டுமன்றி, இத்தகைய எல்லாத் தெருக்களுக்கும் பொருந்தும் வழியையே தொடர் பின்னமாகச் சொல்லிவிட்டார்! இவ்விடத்தில் எங்களைக் கவர்ந்தது அவர் மேதைமை மட்டுமன்று. அன்னிய நாட்டில் இரு நண்பர்கள் ஒரு புதிரைப் பங்கிட்டுக்கொண்டதே எங்களைக் கவர்ந்தது.

மேதைகளுக்கு மட்டுமே இது கைவரும் என்று எண்ண வேண்டாம். மராட்டிய மாநிலம் தேவ்லாலியில் பள்ளி ஆசிரியராக இருந்தவர் கப்ரேக்கர். பெரிய பட்டங்கள் பெற்றவர் அல்லர். ஏதேனும் ஒரு நான்கு இலக்க எண்ணை எடுங்கள்; நான்கும் ஒரே இலக்கமாக இருக்கலாகாது. இலக்கங்களை இறங்குவரிசையில் எழுதி, அதிலிருந்து ஏறுவரிசையைக் கழியுங்கள். வரும் எண்ணுக்கும் அவ்வாறே செய்யுங்கள். அதிகம் போனால் ஏழு படிகளில் 6174 வந்து நிற்கும். இதை அவர் 1949இல் நம் சென்னையில் நடந்த கணித மாநாட்டில் எடுத்துரைத்தார். இராமானுஜன் பெயரோடு சேர்ந்த 1729ஐ நாங்கள் போட்டுப் பார்த்தோம். சரியாக ஏழாம் படியில் 6174 வந்தது! மரத்தடியில் எழுந்த கூச்சலில் மணி அடித்ததுகூட எங்கள் காதில் விழவில்லை.

இப்போது பெற்றோரின் கேள்விக்கு வருவோம். புதிர் போடுவதால் மார்க்கு கூடும் என்று நாங்கள் வாக்குறுதி தர மாட்டோம். பாடத்தைப் படிக்காமல் புதிரே போட்டுக்கொண்டிருந்தால் மார்க்கு குறையத்தான் செய்யும். ஆனால் வினாத்தாளில் தெரியாத கணக்கு ஒன்று வந்தால் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அழுவதா, கொஞ்ச நேரம் அதனோடு உட்கார்ந்து பார்ப்பதா? இந்த உட்காரும் பழக்கத்தைத்தான் புதிர் தருகிறது. கைபேசியில் தேடினால் விடை நொடியில் வரும்; இப்பழக்கம் வராது. அதற்காக நாங்கள் செலவழிப்பது நாளொன்றுக்கு இருபது நிமிடந்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பிளஸ் ஒன்னில் கணக்கே வேண்டாம் என்றிருந்த எங்கள் தோழி, இப்போது கணக்குப் பிரிவில் சேர விரும்புகிறாள். "பெண் பிள்ளைக்கு எதற்கு அவ்வளவு கணக்கு?" என்று வீட்டில் யோசிக்கிறார்கள். இன்னும் முடிவு சொல்லவில்லை. இந்த ஆண்டு மலர் அவர்கள் கைக்கும் போகும். அந்த நான்கு பக்கக் கணக்கை ஒருமுறை வாங்கிப் பாருங்கள் என்பதே எங்கள் பணிவான வேண்டுகோள்.

தங்கைகளே, நீங்களும் உங்கள் வகுப்பில் தினம் ஒரு புதிர் தொடங்குங்கள். முதலில், நீங்கள் பிறந்த வருடம் எத்தனை படிகளில் 6174 ஆகிறது என்று போட்டுப் பாருங்கள். ஆனால் விடையை மட்டும் பக்கத்தில் இருப்பவளிடம் சொல்லிவிடாதீர்கள். அவளும் கண்டுபிடிக்கட்டும்!